முந்நூறு மிதி

ஆர்லிஸ் காடில் இருபத்தேழு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் நிமிர்ந்து நின்ற நிமிஷங்களைக் கூட்டினால் ஒரு வாரம் தேறுமா என்பது சந்தேகம். கிழக்குக் கென்டக்கி மலைகளில் அவர் இறங்கிய சுரங்கமெல்லாம் மூன்றடி உயரம். தப்பித்தவறி நல்லதாக அமைந்தால் மூன்றரை. தட்டு வண்டியில் மல்லாந்து படுத்தபடி உள்ளே போவார்கள். போனதும் முழங்காலில் ரப்பர் உறையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பொழுதுக்கும் தவழ்வார்கள். கரியை வெட்டி எடுத்த பிறகு மேலே மொட்டையாகத் தொங்கும் பாறை இடிந்து விழாமல் இருக்க, அதில் துளை போட்டு நீளமான இரும்புக் கம்பிகளை முறுக்கி ஏற்றுவதுதான் ஆர்லிஸின் வேலை. தலைக்கு மேலே துளை போடுகிறவனுக்குப் பொடியெல்லாம் முகத்தில்தான் கொட்டும்.

"இந்த மனுஷன் போட்ட மண்டியை சர்ச்சுல போட்டிருந்தா, இந்நேரம் பாஸ்டர் ஆயிருப்பாரு" என்பாள் அவர் மனைவி வெர்னா. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

அப்படி மண்டி போட்டே காலம் தள்ளிய ஆளை ஐம்பத்தெட்டாவது வயதில் படி ஏறச் சொன்னார்கள்.

கறுப்பு நுரையீரல் என்பது கரித்தூசியால் வருவது, அந்த மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த சீக்கு. ஆர்லிஸின் அப்பாவுக்கும் இருந்தது. அப்பாவுக்கு எழுபது வயதில் வந்தது. ஆர்லிஸுக்கு ஐம்பத்திரண்டிலேயே வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் மூக்கில் குழாயும் தோளில் ஆக்சிஜன் பையுமாக ஆகிப்போனார். லெக்சிங்டனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியபோது, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தது. இனி மருந்தில்லை, வேறு யாருடைய நுரையீரலாவது கிடைத்தால் மாற்றலாம் என்றார்கள்.

"அதுக்கு ஒரு பட்டியல் இருக்கு" என்றார் டாக்டரம்மா. குட்டையாக முடி வெட்டிய, அவசரப்படாத பெண்மணி. "உங்க பேரை அதுல சேக்கணும்னா, உங்க காலு எனக்குத் திருப்தியா இருக்கணும்."

"காலா?" என்றார் ஆர்லிஸ். "கோளாறு நெஞ்சுலங்க."

"நெஞ்சை நாங்க பாத்துக்குறோம். காலை நீங்கதான் கொண்டு வரணும். ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே எழுப்பி நிக்க வைப்போம். நிக்க முடியாதவங்களுக்கு, எவ்வளவு நல்ல நுரையீரல் வச்சாலும் வீண்."

ஆறு நிமிஷத்தில் இத்தனை அடி நடக்க வேண்டும் என்று ஒரு கணக்கும் சொன்னார். அன்றைக்கு ஆர்லிஸ் நடந்தது அதில் பாதி.

டவுனில் ஆற்றங்கரையோரம் பழைய நாற்காலி மேஜைக் கடை ஒன்று மூடிக் கிடந்தது. அதைத்தான் சுரங்கத் தொழிலாளிகளுக்கான கிளினிக்காக மாற்றியிருந்தார்கள். பின்பக்கக் கூடத்தில் நடக்கிற மெஷின் நாலு, சைக்கிள் மூன்று, மூலையில் படியேறுகிற மெஷின் இரண்டு. இரண்டு மிதிகட்டை இருக்கும். ஒன்றை மிதித்தால் அது அமுங்கும், மற்றது எழும்பும். எழும்பியதை மிதித்தால் இது எழும்பும். ஆளும் ஏறிக்கொண்டே இருப்பான். எங்கேயும் போய்ச் சேர மாட்டான். எதிரே சின்னத் திரையில் எண்ணிக்கை ஓடும்.

கூடத்தை நடத்துகிறவள் மிஸ்டி. முப்பது வயதிருக்கும். அவள் அப்பா ஆர்லிஸோடு ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அதனால் அவளுக்கு அவர் மாமா.

"மாமா, தொடைக்குத்தான் இது. தொடையும் ஆடுசதையும் இறுகினா கொஞ்ச மூச்சுலயே நிறைய நடக்கலாம். நுரையீரலை என்னால ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா காலை ஏமாத்தி வேலை வாங்கிடலாம். கைப்பிடியில மட்டும் சாயாதீங்க. பாரம் காலுக்குப் போகட்டும்."

விரல் நுனியில் ஒரு கவ்வியை மாட்டிவிட்டாள். ரத்தத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அது சொல்லும். எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் கூவும்; கூவினால் நிறுத்திவிட வேண்டும். அது மிஸ்டியின் சட்டம்.

முதல் நாள் நாற்பத்தொன்று மிதித்தார், கூவியது. முழங்கால் இரண்டும் காய்ந்த கீல்போலக் கிரீச்சிட்டன. ஆனாலும் கால் இன்னும் போகிறேன் என்றுதான் சொன்னது. விரல்தான் விடவில்லை.

"பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கிப்பிங் ஆடறப்பவே நூறு எண்ணும்" என்று பக்கத்து மெஷினிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஹோபர்ட் ஸ்லோன். எழுபத்து மூன்று வயது. காதில் கத்தை முடி, பெரிய கை. சுரங்கத்தில் பதினோரு வருஷம் ஆர்லிஸுக்கு மேஸ்திரியாக இருந்தவர். அவருக்கும் அதே சீக்கு, அதே குழாய். வயது தாண்டிவிட்டதால் பட்டியலில் சேர்க்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் திங்கள், புதன், வெள்ளி என்றால் காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்.

"ஹோபர்ட் அண்ணே, நீங்க எத்தனை மிதிச்சீங்க?"

"என் கணக்கு எதுக்குடா உனக்கு? உன் கணக்கைப் பாரு. எங்கம்மா தொண்ணூறு வயசுல இதைவிட வேகமா கக்கூஸுக்குப் போச்சு."

"நீங்க பின்னாலேயே வர்றீங்கன்னு பயந்து ஓடியிருக்கும்."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு உடனே இருமலாகி, எல்லோருடைய கவ்வியும் ஒன்றாகக் கூவ, மிஸ்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இங்க ஜோக் அடிக்கிறதுக்கும் டாக்டர் சீட்டு வேணும்" என்றாள்.

முந்நூறு மிதி, நிறுத்தாமல். அதை எட்டினால் ஆறு நிமிஷ நடை தானாக வரும் என்பது அவள் கணிப்பு. ஆர்லிஸின் பேரில் ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, வந்த நாளெல்லாம் எண்ணிக்கையை எழுதினாள். ஜூலை கடைசியில் தொண்ணூறு. ஆகஸ்டில் நூற்று நாற்பது. வீட்டில் வெர்னா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும் முன்னால் தையல் டேப்பை எடுத்து அவர் தொடையைச் சுற்றி அளப்பாள். உடம்பில் சதை பிடிக்க வேண்டும் என்று காலையில் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியை வைத்து அதன்மேல் மாவுக் குழம்பை ஊற்றுவாள். ராத்திரி பீன்ஸ், சோள ரொட்டி, பன்றிக் கொழுப்பில் வதக்கிய உருளைக்கிழங்கு. ஆர்லிஸுக்குத் தின்னவே மூச்சு வாங்கும். ஒரு வாய்க்கும் மறுவாய்க்கும் நடுவே கரண்டியைக் கீழே வைத்து இளைப்பாறுவார்.

"இருபதரை இஞ்சு" என்று செப்டம்பரில் ஒரு நாள் வெர்னா அறிவித்தாள். "இந்தத் தொடையைக் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பாக்கல."

"அன்னிக்கு எங்க நீ தொடையைப் பாத்த."

"வாயை மூடு. சர்ச்சுக்குப் போகணும்."

இந்த முன்னேற்றத்தில் மிஸ்டியைவிட, வெர்னாவைவிட, ஏன் ஆர்லிஸைவிட மும்முரமாக இருந்தவர் ஹோபர்ட்தான். தன் மெஷினில் நாலு மிதி மிதித்துவிட்டு நின்றுகொள்வார். பிறகு ஆர்லிஸின் திரையைப் பார்த்து உரக்க எண்ணுவார். இருநூறு தாண்டினால் முஷ்டியால் கைப்பிடியைக் குத்துவார். கவ்வி கூவினால், "அந்தக் கருமத்தைக் கழட்டி எறி, அதுக்கு என்ன தெரியும்!" என்று மிஸ்டியிடம் சண்டைக்குப் போவார். ஆர்லிஸுக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும். வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் இந்த ஆளுக்கு மேஸ்திரி வேலை போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அக்டோபரில் லெக்சிங்டனில் ஆறு நிமிஷம் நடந்து காட்டினார். தேறிவிட்டார். பெயர் பட்டியலில் ஏறியது. போன் எப்போது வேண்டுமானாலும் வரும், வந்தால் நாலு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்றார்கள். வெர்னா ஒரு பெட்டியில் துணி அடுக்கிக் கதவோரம் வைத்தாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழி வறுவலில் பாதியில் இருக்கும்போது போன் வந்தது.

"மிஸ்டர் காடில், நுரையீரல் ஒண்ணு வந்திருக்கு. உடனே கிளம்புங்க. இந்த நிமிஷத்துல இருந்து எதையும் சாப்பிடாதீங்க."

ஆர்லிஸ் வாயில் கோழியோடு வெர்னாவைப் பார்த்தார். "வாயில இருக்கறதை முழுங்கலாமான்னு கேளு" என்றார் அடைத்த குரலில்.

இரண்டரை மணி நேரம் வெர்னாதான் ஓட்டினாள். இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்ற மலைகளைத் தாண்டிச் சமதரைக்கு வரும்வரை இருவரும் பேசவில்லை. பேசினால் எதுவோ கலைந்துவிடும் என்பதுபோல இருந்தது. ஒரே ஒரு தடவை ஆர்லிஸ், "யாரோ செத்திருக்காங்க இல்ல" என்றார். வெர்னா, "ம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு முடியை மழித்தார்கள். மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். இரண்டு கையிலும் ஊசி. சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து ஒரு ஓரமாக நிறுத்தினார்கள். வெர்னா பக்கத்தில் நின்று அவர் காலைப் போர்வைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானது. ஆறு மணிக்கு டாக்டரம்மா வந்தார். அவர் நடந்து வந்த விதத்திலேயே வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

"வெளியே எடுத்துப் பாத்தா உள்ள நீர் கோத்திருக்கு. இது உங்களுக்கு உதவாது. இப்படி நடக்கிறது சகஜம்தான். மறுபடியும் கூப்பிடுவோம்."

சகஜம்தான். ஆர்லிஸ் தலையாட்டினார். வேறென்ன செய்வது? நன்றிகூடச் சொன்னார். திரும்பி வரும் வழியில் மழித்த நெஞ்சு அரித்துக்கொண்டே வந்தது.

புதன்கிழமை கிளினிக்குக்குப் போனார். நேரே மெஷினில் ஏறினார். ஹோபர்ட் எண்ண ஆரம்பித்தார். இருநூறு, இருநூற்றைம்பது. கூடத்தில் மற்றவர்கள் தங்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முந்நூறு தாண்டி, முந்நூற்றுப் பன்னிரண்டில் கவ்வி கூவியது. அவர் இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கைதட்டினார்கள். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். வியர்வையைத்தான் துடைக்கிறார் என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குமேல் அந்தத் தாளில் பெரிய எண் எதுவும் ஏறவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் வந்தது. வெர்னா வீட்டுக்குள் வருமுன் துணியை மாற்றினாள், கையைத் தோல் உரியக் கழுவினாள், தனி அறையில் படுத்தாள். அப்படியும் ஆர்லிஸுக்கு வந்துவிட்டது. காய்ச்சல் நெஞ்சில் இறங்கிச் சளி கட்டியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்ததே பெரிய காரியம் என்றார்கள். பிழைக்கவைத்த மருந்து ஸ்டெராய்டு. நெஞ்சைக் காப்பாற்றும், சதையைத் தின்னும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சொல்லிவிட்டுக் கொடுத்தால் மட்டும் என்ன? வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யார் இருந்தார்கள்? வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு வெர்னா டேப்பை எடுத்தாள். பதினேழு இஞ்சு. தப்பாக அளந்துவிட்டோமோ என்று இரண்டாம் தடவையும் சுற்றினாள். பிறகு டேப்பை மெதுவாகச் சுருட்டினாள்.

"எவ்வளவு?"

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

"வெர்னா."

"பதினேழு. சாப்பிட்டா வந்துடும்."

மார்ச்சில் மறுபடியும் மெஷினில் ஏறினார். ஏறுவதற்கே மிஸ்டி கை கொடுக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் கால் போகும், மூச்சுதான் மறிக்கும். இப்போது கவ்வி தொண்ணூற்றொன்று என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே தொடை வெடவெடவென்று நடுங்கி நின்றது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. மூச்சு துரோகம் செய்து பழகிவிட்டது. கால் இதுவரை செய்ததில்லை.

"முப்பத்தெட்டு" என்றார் ஹோபர்ட். குரலில் கேலி இல்லை. "பரவால்லடா. தொடங்கினப்ப நாப்பத்தொண்ணுதானே. அதைவிட மூணுதான் கம்மி. ஏறிடலாம்."

ஏறவில்லை. அவர் சோம்பியிருந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். ஒரு நாள்கூடத் தவறாமல் போனார். வீட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். தொண்டையில் இறங்காத சோற்றையும் இறக்கினார். நாற்பத்து நாலு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, நாற்பது. மிஸ்டி எழுதும்போது உடம்பால் தாளை மறைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஏப்ரலில் லெக்சிங்டன் போனார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே நடக்கவிட்டார்கள். நாலாவது நிமிஷத்தில் சுவரைப் பிடித்தார். ஐந்தாவது நிமிஷத்தில் உட்கார்ந்தார். கடிகாரம் பாட்டுக்கு ஆறாவது நிமிஷத்தை ஓடி முடித்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா தன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நேரடியாகவே சொன்னார். "பேரை எடுக்க வேண்டியிருக்கு, மிஸ்டர் காடில்."

"காலைப் பாத்தா எடுக்கறீங்க?" வெர்னா எழுந்துவிட்டாள். "காலு வேணும்னீங்க, காலைக் கொண்டு வந்தாரு. நீங்க கூப்பிட்டீங்க, வந்தோம், திரும்பிப் போங்கன்னீங்க, போனோம். காச்சலுக்கு நீங்க எல்லாரும் சேந்து குடுத்த மருந்துதானே இவரு காலைத் தின்னுச்சு? அதுக்கு இவரு என்ன பண்ணுவாரு?"

"நீங்க சொல்றது அத்தனையும் சரி" என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்தக் காலோட மேஜையில படுத்தா, எந்திரிக்க மாட்டாரு. நான் பாத்திருக்கேன். தெரிஞ்சே அதை என்னால செய்ய முடியாது. காலு தேறினா வாங்க, அன்னிக்கே சேக்கறேன்."

யார்மேலாவது கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று ஆர்லிஸுக்குத் தோன்றியது. அந்த அம்மாளின் முகத்தில் கோபப்பட இடமே இல்லை. "வா வெர்னா" என்றார். "மலை ஏறுறதுக்குள்ள இருட்டிடும்."

அடுத்த வெள்ளிக்கிழமை கிளினிக் வாசலில் ஹோபர்ட் தன் டிரக்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. ஆர்லிஸைப் பார்த்ததும் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். ஆர்லிஸ் சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்தார். இருவருடைய ஆக்சிஜன் பைகளும் நடுவில் மாற்றி மாற்றிப் புஸ் புஸ் என்றன.

"வெர்னா சொன்னா" என்றார் ஹோபர்ட்.

"ம்."

"டஸ்ட் பம்பு ஞாபகம் இருக்கா?"

யாருக்கு மறக்கும்? சுரங்கத்தில் தூசி எவ்வளவு என்று அளக்க நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. அளக்கிற நாளில் அதை நெஞ்சில் மாட்டாதே, நல்ல காற்று வருகிற பக்கமாகத் தொங்கவிடு, இல்லாவிட்டால் சாப்பாட்டு வாளிக்குள் வை என்பதுதான் மேலேயிருந்து வந்த உத்தரவு. மேலேயிருந்து வந்ததை வாய்விட்டுச் சொன்னவர் ஹோபர்ட். தூசி அதிகம் என்று தெரிந்தால் சுரங்கத்தை மூடுவார்கள். மூடினால் எல்லோரும் வீட்டில். ஆர்லிஸ் பதினோரு வருஷமும் சாப்பாட்டு வாளிக்குள்தான் வைத்தார். வாளிக்குள் தூசியே இல்லை என்று பெட்டி எழுதியது.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார் ஹோபர்ட்.

"நீங்க சொன்னீங்க. வச்சது நான்."

"எனக்கு வயசாயிடுச்சு, என் பாடு முடிஞ்சுது. நீ ஏறிட்டா போதும்னு இருந்தேன்டா. நீ முந்நூத்திப் பன்னெண்டு மிதிச்ச அன்னிக்கு நான் வீட்டுக்குப் போயி..." அவருக்கு அதற்குமேல் மூச்சு வரவில்லை. பெரிய கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார்.

போகட்டும் விடுங்க அண்ணே என்று ஒரு வார்த்தை ஆர்லிஸ் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்குவரை வந்தது. ஆனால் போகட்டும் என்று விடுவதற்கு, போனது என்ன சின்ன விஷயமா? அதே சமயம் அந்த ஆளைத் திட்டவும் மனசு வரவில்லை. அவரும் அதே தூசியைத்தானே தின்றார்? ஆர்லிஸ் கண்ணாடிக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு, அவருடைய மூச்சு சீராகும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி உள்ளே போனார். அன்றைக்கு முப்பத்தைந்து.

ஹோபர்ட் இரண்டு வாரம் வரவில்லை.

அதற்குள் வீட்டு வாசல் பெரும்பாடாகிவிட்டது. மலைச்சரிவில் கட்டிய வீடு, வாசலுக்கு ஆறு படி. ஏறும்போது வெர்னா பின்னால் நின்று இடுப்பைத் தாங்குவாள்; ஒவ்வொரு படிக்கும் ஒரு இளைப்பாறல். ஒரு நாள் மழையில் நாலாவது படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அவளால் தூக்க முடியவில்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் கோட்டை ஆக்சிஜன் பையின்மேல் போட்டு மூடினாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெர்னா வேலைக்குப் போன பிறகு, ஹோபர்ட்டின் டிரக் மேலே ஏறி வந்தது. பின்னால் புது மரப்பலகைகள். மரக்கடைப் பையன்கள் ஏற்றிவிட்டார்களாம்.

"சாய்வு போடப்போறோம்" என்றார் இறங்காமலே. "படிக்கு மேல. சும்மா நடந்து ஏறலாம், வண்டியில உக்காந்தும் ஏறலாம்."

"யாரு போடறது?"

"ஏன், நீயும் நானும்தான். மலையையே தாங்கி நிறுத்தினோம், ஒரு பலகை போட மாட்டமா?"

ஆர்லிஸ் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே கீழே இறங்கி வந்தார். இருவருமாக ஒரு பலகையின் நுனியைப் பிடித்து இழுத்தார்கள். பாதி வந்தது. டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். மீதியை இழுத்தார்கள், அது மண்ணில் விழுந்தது. விழுந்ததைத் தூக்க முடியாமல் காலால் தள்ளித் தள்ளி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். பத்து மணி ஆனது. அளந்தார்கள். அளந்ததை எழுதப் பென்சில் இல்லை. பென்சிலை எடுக்க ஒருவர் உள்ளே போய்வர வேண்டும். இருவரும் படியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆணியால் கீறிக்கொள்ளலாம் என்று முடிவானது.

"அண்ணே, நீங்க அடிங்க."

ஹோபர்ட் மூன்று அடி அடித்துவிட்டுச் சுத்தியலை நீட்டினார். ஆர்லிஸ் இரண்டு அடி அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆணி வளைந்தது. பிடுங்கத் தெம்பில்லை. வளைந்தபடியே அடித்து அமுக்கினார்கள்.

இரண்டரை மணிக்கு வெர்னா வந்தபோது ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே மறுபடி மேலேறிய ஆர்லிஸ் மேல்படியிலும் ஹோபர்ட் டிரக்கிலுமாக, மேலெல்லாம் மரத்தூளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன நடக்குது இங்க?"

"சாய்வு போடறோம்" என்றார் ஹோபர்ட்.

அவள் வாசலைப் பார்த்தாள். "எத்தனை பலகை ஆச்சு?"

"ஒண்ணு" என்றார் ஆர்லிஸ்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த ஒற்றைப் பலகையின்மேல் உட்கார்ந்தாள். எங்கே சிரிப்பு முடிந்து எங்கே அழுகை தொடங்கியது என்று ஆர்லிஸுக்குத் தெரியவில்லை. அவளிடம் எழுந்து போக வேண்டும்போல் இருந்தது. நடுவில் ஐந்து படி. அவர் உட்கார்ந்த இடத்திலேயே, "வெர்னா, வெர்னா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் டிரக்கிலிருந்து ஒரு பலகையை உருவித் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்த்து" என்றார் ஹோபர்ட்.

"ஆணியைச் சாய்ச்சு அடி" என்றார் ஆர்லிஸ்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இருக்கிற மூச்சை மிச்சம் பண்ணுங்க."

பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் கொஞ்சமாக, வியாழக்கிழமைக்குள் பலகையெல்லாம் அடித்துவிட்டாள். சனிக்கிழமை சர்ச்சிலிருந்து நாலு பேர் வந்து கீழே முட்டுக் கொடுத்து, கைப்பிடியும் வைத்தார்கள். ஆர்லிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்கள் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்தார். ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டே ஒருத்தன் பாட்டுப் பாடினான்.

இப்போது ஜூன் முடியப்போகிறது. சாய்வில் இறங்கும்போது ஆர்லிஸ் நாலு தடவை நிற்கிறார். ஏறும்போது சக்கர நாற்காலி. திங்களும் வெள்ளியும் மட்டும் கிளினிக்குக்குப் போகிறார். ஹோபர்ட்டும் வருகிறார், எண்ணுவதில்லை. மிஸ்டி சொன்னால் ஆர்லிஸ் மெஷினில் ஏறுகிறார், இருபது, சில நாள் இருபத்தைந்து. எதற்கு என்று அவரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. நேற்று இறங்கிய பிறகு, இன்னும் ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் மாமா" என்றாள் மிஸ்டி. "இன்னிக்கு இது போதும்."